செக்கானூரணியில் வெட்டிய வில்

எட்டாவது படிக்கும்போது எனக்கு இருந்த ஒரே துணை வடிவியல் பெட்டிதான். பள்ளி விட்டு வந்தால் தல்லாகுளத்து மாடியறையில் நான் மட்டும் இருப்பேன். அம்மா அலுவலகத்திலிருந்து வர இருட்டிவிடும். அப்பா வாடிப்பட்டியில் உரக்கடையைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அம்மா வேலைக்குப் போகலாமா கூடாதா என்று ஆரம்பித்த சண்டையில், ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதோடு சரி.

எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைப் புருஷன் வாசல் தேடி வந்து கூப்பிட வேண்டும். "அவளாத்தான போனா, அவளா வரட்டும்" என்றார் அப்பா. "கூப்பிடாம போறதுக்கு எனக்கென்ன மானம் ரோசம் இல்லையா?" என்றாள் அம்மா. யார் வாசலை யார் முதலில் மிதிப்பது என்ற வழக்கில் இரண்டு வாசலும் சும்மாவே கிடந்தன. நடுவில் நான் ஒருத்தி ஏங்கிக் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அப்போதுதான் வகுப்பில் இருசமபக்க முக்கோணம் வந்தது. உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் இரண்டு முனைகளுக்கும் ஒரே தூரம் என்று கேட்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அட, இது போதுமே! இருவருக்கும் சம தூரத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டால், யாரும் யாரையும் தேடிப் போனதாக ஆகாதே!

கடையில் மாவட்ட வரைபடம் வாங்கி வந்தேன். கவராயத்தை விரித்து, ஊசியைத் தல்லாகுளத்தில் குத்தி ஒரு வில் போட்டேன். விரித்தது விரித்தபடி வாடிப்பட்டியில் குத்தி இன்னொரு வில். இரண்டும் இரு இடங்களில் வெட்டிக்கொண்டன. ஒன்று ஏதோ வயல்காடு. மற்றொன்று சொல்லிவைத்தாற்போல் செக்கானூரணி.

என் பிறந்தநாளுக்கு இருவரும் அங்கே வர வேண்டும், அளந்து பார்த்தாயிற்று, இருவருக்கும் ஒரே தூரம்தான் என்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஏத்தா, கூப்பிடுறதுக்கே கணக்குப் போட்டுத்தான் கூப்பிடுவியா?" என்று சிரித்தார். அப்புறம், "ஒங்கம்மா வாராளா?" என்றார். அம்மாவும் அதையேதான் கேட்டாள். "அவுக வாராகளா?"

வந்தார்கள். அப்பா சோழவந்தான் வழியாக வண்டியில் வந்திருந்தார். நாங்கள் இரண்டு பஸ் மாறி, நாகமலை ஓரமாக வெயிலைக் குடித்துக்கொண்டு போய் இறங்கினோம். "நல்லா அளந்த போ, சம தூரம்" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கவராயத்துக்குச் சிக்னலும் தெரியாது, நெரிசலும் தெரியாது.

பரோட்டாக் கடையில் நான் நடுவில் உட்கார்ந்தேன். அப்பா கறியை எடுத்து என் இலையில் வைத்தார். அம்மா தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒங்கப்பாவ இன்னொண்ணு வாங்கிக்கிறச் சொல்லு. ஆளு எளச்சுப் போயிருக்காக."

"ஒங்கம்மாட்ட கேளு, தலவலி இப்ப தேவலையான்னு."

ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நான் சுமந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. கை கழுவிவிட்டு வந்தபோது அப்பா அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார். அம்மாவும் நின்றாள். பிறகு அவர் வண்டிச் சாவியைத் துழாவி எடுத்து, "சரித்தா, வாரேன்" என்று என்னிடம் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா சன்னல் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெயில் கண்ணைக் கூசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தில் அந்த முக்கோணத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டினேன். கணக்கு பலித்துவிட்டதே! அதன் பிறகு என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே கடை, அதே நடு இருக்கை. நான் கல்லூரி முடிக்கும்வரை அப்படித்தான் நடந்தது.

உச்சியை நடுக்கோட்டில் எங்கே தள்ளி வைத்தாலும் இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும், அடிப்பக்கம் மட்டும் ஒரு நூல்கூடக் குறையாது என்பது பாடத்திலேயே இருந்தது. ஆனால் அவர்கள் அவ்வளவு வெயிலில் வந்தது என்னிடம்தான், ஒருவரிடம் ஒருவர் அல்ல என்பது, பச்சைப் பென்சிலைச் சீவிச் சீவித் தீட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.