உடையும் பொருள்

கைகள் பபிள் ஷீட்டை விரித்தன. சோப்பு டப்பாவை நடுவில் வைத்துச் சுருட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, டேப்பை இழுத்து ஒட்டின. அடுத்து ஃபிளாஸ்க். அடுத்து சீப்பு. ஆமாம், சீப்புக்கும் பபிள் ஷீட்.

கட்டிலில் கால் நீட்டி, நிறைமாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நான் புள்ள பெத்துக்கப் போறேனா, வீடு மாத்தப் போறேனா?”

“எதுவா இருந்தா என்ன, வழியில ஒண்ணும் உடையக் கூடாது.”

அவர் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் கட்டுபவர். அங்கே அவரை ‘முடிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. உடைந்ததைப் பார்த்துப் பார்த்தே கட்டப் பழகியவர். கண்ணாடி அலமாரியோ களிமண் பொம்மையோ, இறக்கிக் கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “பிரிச்சுப் பாத்துக்கோங்க. ஒண்ணும் உடையல.” அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

மனைவி கேட்டது ஒன்றுதான். தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆக்கி வைத்திருந்தாள். குழந்தையை முதலில் சுற்றும் துணி அதுவாக இருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரித் துணி மொரமொரன்னு இருக்கும். இதை மட்டும் கைக்கு எட்டற மாதிரி வைங்க.”

முடிச்சு யோசித்தார். அருமையான பொருள் நடுவில்தான் இருக்க வேண்டும், நாலு பக்கமும் அணைப்பு வேண்டும். தொழில் அப்படித்தான் சொல்கிறது. துணியையும் பபிள் ஷீட்டில் சுற்றி, அட்டைப் பெட்டியின் நட்ட நடுவில் வைத்து, சுற்றிலும் மற்றதை நெருக்கி அடுக்கினார். அங்கே போய்ப் பிரிக்க வேண்டுமே என்று கட்டர் கத்தியையும் மறக்காமல் உள்ளே வைத்து மூடினார். கடைசி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். குறுக்கும் நெடுக்கும் கயிறு. மேலே சிவப்பு ஸ்டிக்கர்: ‘கவனம், உடையும் பொருள்’.

பிரசவ அறை வாசலில் மாமியார் அந்தப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள என்ன மாப்பிள்ளை, ஃபிரிட்ஜா?”

பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு பிஞ்சு அழுகை கேட்டது. கதவு இடுக்கில் நர்ஸின் தலை தெரிந்தது.

“பொண்ணு பொறந்திருக்கா! தொடைச்சு எடுக்கறதுக்குள்ள துணி குடுங்க. இல்லன்னா எங்க துணியிலயே சுத்திடுவேன்.”

“இதோ சிஸ்டர், இதோ!”

முடிச்சு கயிற்றின் மேல் பாய்ந்தார். அவரே போட்ட கட்டு. வண்டி குலுங்கக் குலுங்க இறுகும் ரகம். ஆட்டோவும் குறை வைக்காமல் குலுக்கியிருந்தது.

“கத்தி கொண்டாரலையா?”

“பத்திரமா இருக்கு அத்தை.”

“எங்க?”

அவர் பெட்டியைக் காட்டினார்.

மாமியார் கண்ணை மூடித் திறந்தார். “என் பொண்ணு பெத்தே எடுத்துட்டா. உங்களுக்கு ஒரு பெட்டியத் தொறக்க வரல.” புடவையிலிருந்த ஊக்கைப் பிடுங்கி டேப்பின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

கயிறு மட்டும் அசையவில்லை. முடிச்சு ஒரு கணம் தயங்கினார். பிறகு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார்: பெட்டியின் மூலையை முழங்காலால் நசுக்கினார். கயிறு தொளதொளத்தது. ஃபிளாஸ்க் உருண்டது. பபிள் ஷீட் வராந்தா முழுக்கப் பரவ, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் குமிழ்களை மிதித்துப் படபடவென்று வெடிக்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

நர்ஸ் பச்சைத் துணியோடு மறுபடியும் எட்டிப் பார்த்தபோது அவர் துணியின் மேலிருந்த பபிள் ஷீட்டின் கடைசிச் சுற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க சிஸ்டர்!”

“துணி கூடவா சார் உடையும்?” என்று சிரித்தபடி அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் முடிச்சுக்கு அழுகை வந்தது. மாமியார் நசுங்கிய பெட்டியிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்து, மாப்பிள்ளையின் சட்டையில் ஒட்டி, உள்ளே தள்ளிவிட்டார்.

மனைவி களைத்துக் கிடந்தாள். பக்கத்தில், பழைய புடவைத் துணிக்குள் ஒரு சிறிய பொட்டலம். முடிச்சு குனிந்து, மடிப்பு எங்கே செருகியிருக்கிறது, இறுக்கம் சரியா என்று பார்த்தார்.

மனைவி அவர் சட்டையைப் படித்தாள். பிறகு குழந்தையை மெல்லத் தூக்கி, அவர் கைகளில் வைத்தாள்.

“பிரிச்சுப் பாத்துக்கோங்க. ஒண்ணும் உடையல.”