சி.வி.யில் காணாமல் போன இரண்டு வருடம்

பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் என் பணிக்காலம் இந்த மார்ச்சோடு முடிகிறது. ஆய்வு நிதி கிடைத்தால் தொடரலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விண்ணப்பத்தைத் திறந்தால், பட்டியல் போட்ட பழைய சி.வி. செல்லாதாம். ஆய்வாளராக வளர்ந்த கதையைப் பத்தி பத்தியாக எழுத வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டியலில் எதையும் மறைத்துவிடலாம். கதையில் நடுவே இரண்டு வருடத்தைக் காணோம் என்றால் யாராயிருந்தாலும் கேட்பார்கள்.

அந்த இரண்டு வருடத்தை எல்லா விண்ணப்பத்திலும் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதி மூடி வைத்திருந்தேன். உண்மையில் வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

எம்.எஸ்சி. முடித்த வருடம் அம்மா மலைச்சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அப்பா முன்பே இல்லை. வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை செய்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருக்க முடியும். அம்மாவின் சாக்கை நான் முதுகில் மாட்டிக்கொண்டேன். படித்த படிப்புக்கு இது வந்து வாய்த்ததே என்று முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. காலையில் பனி விலகுவதற்குள் சரிவில் நிற்போம். அட்டை ஏறாமலிருக்க, கடைசி நிரையில் பறிக்கும் அக்கா என் கணுக்காலில் சுண்ணாம்பைப் பூசிவிடுவாள், திட்டிக்கொண்டே. பத்து மணிக்குக் பால் விடாத கட்டன் சாயாவும் கப்பைக்கிழங்கும். அந்தச் சிரிப்பும் கும்மாளமும் எந்த ஆய்வகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தேயிலையில் வரும் கொப்புள நோய்தான் இன்று என் ஆய்வு. அதை முதலில் பார்த்தது அங்கேதான். பனி தேங்கும் பள்ளத்துச் செடிகளில் முதலில் வந்து, பிறகு மேலே ஏறும். சரி, மறைத்தது போதும் என்று உட்கார்ந்து எழுதினேன்: ‘இரண்டு வருடம் கொழுந்து பறித்தேன். ஒரு நாளும் எஸ்டேட் கேட்ட எடைக்குக் குறைந்ததில்லை. அதற்கிடையே நோய் பரவும் விதத்தையும் கவனித்தேன்.’ படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

நோய் எந்த மாதம் தொடங்கியது என்பதில் மட்டும் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, அப்போது எனக்கு அடுத்த நிரையில் பறித்த அக்காவுக்குப் போன் செய்தேன். மாதத்தைச் சொன்னாள். எழுதியதைப் படித்துக் காட்டினேன். எடை என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

“யாரு, நீயா? நீ ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னா சாக்கு எங்கிட்டு நிறையும்? எடை போட எறங்கும்போது நாங்கல்ல ஆளுக்கு ரெண்டு பிடி அள்ளிப் போட்டோம். உங்கம்மா வீட்ட விட்டு எறங்கிறக் கூடாதுன்னு.”

“ஏங்க்கா அப்பவே சொல்லல?”

“சொன்னா நீ அழுவ. அழுதுக்கிட்டே பறிச்சா அதுவும் ஆகாது.”

போனை வைத்துவிட்டு அழத்தான் செய்தேன். அவர்கள் பறித்த நேரத்தில்தான் நான் இலையைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ‘பிறர் வளர்ச்சிக்கு நீங்கள் செய்தது என்ன’ என்று ஒரு பகுதி உண்டு. பிறர் எனக்குச் செய்ததைக் கேட்கும் பகுதி இல்லை. வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசியதைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதினேன். எழுதியதும் அக்காவுக்கு மறுபடி போன் செய்து சொன்னேன்.

“எங்க பேரெல்லாம் போட்டியா?”

“பேர் போட எடமில்லக்கா. பக்கத்து நிரையில பறிச்ச நாலு பேருன்னு போட்டிருக்கேன்.”

“நாலா? சுண்ணாம்பு பூசுவாளே, அவள விட்டுட்டியா? அவ சாக்குலருந்துதான் உனக்கு நெறைய வந்துச்சு. போன மாசம் செத்துப்போனா. அதுக்காகக் கொறச்சிராத.”

அவள் இறந்தது எனக்குத் தெரியாது. நாலு என்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதி அனுப்பினேன்.