பள்ளி நேரத்தில் நிற்கும் வண்டி

திருவனந்தபுரத்துக்கு டிப்பர் ஓட்ட வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த ஊரின் பாஷை அல்ல, பள்ளி நேரம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் மாலையில் வீடு திரும்பும்போதும் டிப்பர் லாரிகள் சாலையில் ஓடக்கூடாது. லோடு ஏற்றியிருந்தாலும் சரி, காலியாக வந்தாலும் சரி, எங்கே இருக்கிறோமோ அங்கேயே ஓரங்கட்டிவிட வேண்டும். முதல் நாள் எனக்கு முன்னால் போன வண்டி ஒதுங்கி நின்றதும், பஞ்சர் போலிருக்கிறது, ஒரு கை கொடுப்போம் என்று இறங்கிப் போனேன். அதற்கு முன்னால் இன்னொரு வண்டி நின்றது, அதற்கும் முன்னால் இன்னொன்று. "என்னண்ணே, ஸ்டிரைக்கா?" என்று கேட்டேன். ஸ்டீயரிங்கின் மேல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்த டிரைவர் சிரித்தார். அவர் பெயர் சுகுமாரன், நெய்யாற்றின்கரைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் பேசுகிறவர். "ஸ்டிரைக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பிள்ளேரு ஸ்கூலுக்குப் போற டைம். அது கழிஞ்ஞு போவாம். வா, ஒரு சாயா குடிக்கலாம்" என்றார். அன்று குடித்த சாயாதான் எங்கள் சிநேகத்துக்கு முதல் சாயா.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நம்புவது சிரமம். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கிறது என்பதைவிட, சாலை எங்களை வெட்டியிருக்கிறது என்று சொல்லலாம். வீடுகள் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். நடுவில் தூத்துக்குடி கண்டெய்னரும் சிமெண்டு டேங்கரும் ஜல்லி லாரியும் விட்டேனா பார் என்று பறக்கும். என் மகள் மகேஸ்வரி எட்டாவது படிக்கிறாள். என் மனைவி செல்வராணி பக்கத்து ஊர்ச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். முதல் பஸ்ஸுக்கே போய்விடுவாள். ஆகவே மகள் தானாகத்தான் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். இங்கே நான் வண்டியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, முன்னால் பையன்களும் பெண்களும் குடையைச் சுழற்றிக்கொண்டு போவார்கள். நிற்கிற வண்டிக்கே கைகாட்டி நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடக்கும் மகாராசாக்களும் உண்டு. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகள் ஞாபகம் வரும். யார் வீட்டுப் பிள்ளைக்கோ நான் நிற்கிறேன், என் பிள்ளைக்கு எவன் நிற்பான்?

அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளைப் பற்றி எனக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. நானே அதில் பாதி ஆயுளைக் கழித்தவன். கிளீனராக இருந்து, பிறகு டிரெய்லர் பிடித்து, காற்றாலை இறக்கை ஏற்றிக்கொண்டு கயத்தாறு பக்கம் போவேன். ஒரு தெரு நீளத்துக்கு வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் தலை இடதுபுறம் திரும்பினால் பின்னால் வால் வலதுபுறம் வீசும். கிளீனர் சிவப்புத் துணியோடு பின்னாலேயே நடந்து வரவேண்டும். ஒரு தடவை ஒரு திருப்பத்தில் எங்கள் வால் போய் ஒரு டீக்கடையின் கூரையை அலாக்காகத் தள்ளிவிட்டது. கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு வானத்தைப் பார்த்து நின்றார். நல்லவேளை, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்று எல்லோரும் சிரித்தோம். அதே வால் ஒரு பள்ளிப் பிள்ளையின் பக்கம் வீசியிருந்தால் என்று, மகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் பழைய டிரைவர் இல்லை. வெளிமாநில லோடு ஏற்றினால் வீடு திரும்ப மாதக்கணக்கு ஆகும் என்பதும் சேர்ந்துகொள்ள, ரயிலில் ஓடிவந்துவிடும் தூரத்தில் இருக்கிறது என்று இந்த ஊர் டிப்பருக்கு வந்து சேர்ந்தேன்.

கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அக்கிரகாரத் தெருவுக்குள் நடந்தால் தமிழ் காதில் விழும். அது என் தமிழ் இல்லை, ஆனாலும் நின்று கேட்கத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், மனைவியையும் மகளையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. தமிழில் படிக்க இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, லாரி நின்று வழிவிடுகிறது, வேறென்ன வேண்டும்? போனில் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு வருவது செல்வராணிக்குச் சாதாரணமா? ஒரு வாரம் பட்டும் படாமலும் பேசினாள். பிறகு, "முழுப்பரீட்சை லீவுக்கு முன்னாடி ஒருதடவ வந்து பாக்கோம். மக சரின்னா எனக்கும் சரி" என்றாள். நான் அறையைக் கழுவி, புதுப் பாய் வாங்கி, ஸ்டேஷனுக்குப் போவதற்கு அரை நாள் விடுப்பும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று காலை நெடுமங்காட்டுக்கு மேலே ஒரு குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இந்த ஒரு நடை முடித்தால் நேராக ஸ்டேஷன். முந்தின நாளெல்லாம் மழை. பொன்முடிப் பக்கம் போகும் பஸ் ஒன்று வளைவில் சட்டென்று எதிரே வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். எங்கள் கரிசல் நனைந்தால் பார்த்த உடனே தெரியும், ஆளின் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இங்கேயோ மேலே பச்சைப் புல், கீழே குழம்பு. பின்சக்கரங்கள் மெதுவாக, மரியாதையாக, அப்படியே உள்ளே இறங்கின. வண்டி சாய்ந்து ஒரு மண்திட்டின் மேல் தோள் கொடுத்து நின்றது. லோடைக் கொட்டிவிட்டு வண்டியை எடுக்கலாமே என்று வேடிக்கை பார்த்த ஒருவர் யோசனை சொன்னார். சாய்ந்து நிற்கும் டிப்பரின் தொட்டியைத் தூக்கினால் ஜல்லிக்கு முன்னால் நாம்தான் கவிழ்வோம். கிரேன் வரவேண்டும். கிரேன் மத்தியானத்துக்குத்தான் வரும் என்றார்கள். அங்கே என் குடும்பம் ரயிலில் வந்துகொண்டிருக்கிறது.

சுகுமாரனுக்குப் போன் செய்தேன். "பேடிக்கண்டா, பயப்படாத அண்ணாச்சி, நான் ஸ்டேஷனுக்குப் போவேன். பிள்ளையும் அக்காளும் என் பொறுப்பு" என்றார். அந்த நிம்மதியில் அடுத்த வேலையைப் பார்த்தேன். வளைவில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை வைக்கவேண்டும். முக்கோணப் பலகை காற்றில் பறந்துபோய் நாளாகிவிட்டது. நம் ஊர் டிரைவருக்கு அது பெரிய விஷயமா? கையெட்டும் கிளையை ஒடித்து ரோட்டில் போடுவோம். தழை கிடந்தால் பின்னால் வருகிறவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்குவான். எங்கள் பக்கம் அதற்கென்றே கடவுள் சீமைக்கருவேலத்தை வளர்த்து வைத்திருக்கிறான். ஒடித்தால் முள் குத்துமே தவிர, ஏன் ஒடித்தாய் என்று கேட்க ஆள் கிடையாது. அதே பழக்கத்தில், வேலி சரிந்த இடத்தில் ரோட்டின் மேல் சாய்ந்து நின்ற ஒரு மரத்தின் கிளையைச் சடசடவென்று ஒடித்துக் கொண்டுபோய்ப் போட்டேன்.

இந்த ஊரில் ரோட்டோரத்தில் அனாதைச் செடி என்று ஒன்று இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் நைட்டியின் மேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பெயர் சரசம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். "எந்தோன்னு காணிச்சதெடோ! என்றெ மோன் நட்டிட்டுப் போய ரம்புட்டானா இது. ஈ கொல்லமா ஆத்யம் பூத்தது. கண்ணு கண்டூடே நினக்கு?" என்று சத்தம் போட்டார். மகன் நட்டுவிட்டுப் போன மரம், இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பூத்திருக்கிறது. "ஷெமிக்கணும் சேச்சி. எங்க ஊர்ல ரோட்டோரம் நிக்கிறது பொதுவாக்கும்" என்றேன். "எங்கில் நின்றெ ஊரில் போய் ஒடிக்கு!" என்றார். நியாயம்தான். ஊரில் போய் ஒடிக்கத்தான் எனக்கும் ஆசை.

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வளைவில் வேகமாக வந்தது. தழையைப் பார்த்ததும் கிறீச்சென்று வேகத்தைக் குறைத்து, என் வண்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. அந்த அம்மாள் ஜீப்பைப் பார்த்தார், தழையைப் பார்த்தார். வண்டி கேடானால் டிரைவர்மார் எல்லோரும் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "என்றெ மோனும் டிரைவரா. சவுதியில, வலிய டிரெய்லர்" என்றார். ரோட்டில் கிடந்த தழையைக் காட்டி, "அவிடெ முழுக்க மணலல்லே? வண்டி நின்னாலு அவன் எந்து ஒடிச்சு இடும்?" என்று கேட்டார். பாலைவனத்தில் அவர் மகன் எந்த மரத்தைத் தேடுவான்? அங்கெல்லாம் நல்ல பலகை கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மரத்தடிக்குப் போய், பூவோடு இருந்த இன்னொரு கிளையைத் தன் கையாலேயே ஒடித்து, வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்துபோய் ரோட்டில் போட்டுவிட்டு வந்தார்.

சுகுமாரன் யாரிடமோ ஆட்டோ வாங்கி, என் வீட்டாரை அங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுப் பாவாடையில் மகளும் கையில் முறுக்கு டப்பாவோடு மனைவியும் வந்து இறங்கியபோது, நான் முழங்கால்வரை சேற்றோடு, சாய்ந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். செல்வராணி வண்டியைப் பார்த்தாள், என் கையைக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதக் காட்டத்தான் வரச் சொன்னீகளா?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. சரசம்மா அவளை வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்தார். பதிலுக்கு முறுக்கு டப்பா அங்கேயே தங்கியது. ஒருத்தி பேசுவது ஒருத்திக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒருத்தி மகனின் போட்டோவைக் காட்ட, ஒருத்தி என்னை வைது தீர்க்க, நேரம் போயிற்று.

மகள் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, தழையைக் கண்டு தயங்கியது. மரம் ஏற்றிய லாரி வந்தது, அதுவும் தயங்கியது. "எப்பா, அது வெறும் தழதான? அதுக்குப் போயி இம்புட்டுப் பெரிய வண்டி ஏன் பயப்படுது?" என்று கேட்டாள்.

"தழ தானா ரோட்டுக்கு வராதும்மா. யாரோ ஒரு ஆளு முன்னால மாட்டிக்கிட்டு நிக்கான்னு அர்த்தம். எல்லா டிரைவருக்கும் அது தெரியும்" என்றேன்.

கிரேன் வந்து வண்டியை ஏற்றி விட்டது. கிடந்த கிளைகளை நானும் அவளும் பொறுக்கி ஓரத்தில் போட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். பக்கத்து ரோட்டில் வரிசையாக நின்ற டிப்பர்களையும் காட்டினேன். "பாத்தியா? உங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்காங்க" என்று ஏதோ நானே சட்டம் போட்டவன் மாதிரி சொன்னேன். மகேஸ்வரி வெகுநேரம் அந்த வண்டிகளைப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வரலப்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நம்ம தெருச் சின்னப் பிள்ளைக எல்லாம் எங்கூடத்தான் ரோட்டக் கடக்கும். நான் இங்க வந்துட்டா அதுகள யாருப்பா கூட்டிட்டுப் போவா?" என்றாள். நான் செல்வராணியைப் பார்த்தேன். "அவ சொல்றதுல என்ன தப்பு?" என்று அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். மகள் சொன்னதில் தப்பே இல்லை. இருவருக்கும் ஊருக்குத் திரும்ப நானே டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிட்டேன். ரயில் புறப்பட்டுப் போன பிறகு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன். அறைக்குப் போனால் புதுப் பாய் இருக்குமே என்று தயக்கம்.

சில நாள் கழித்துச் செல்வராணி போனில் ஒரு சேதி சொன்னாள். "உங்க மக பண்ற கூத்தக் கேளுங்க. தெனமும் காலைல வேப்பங்கொழ ஒண்ணு ஒடிச்சுக்கிடுதா. அத ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு முன்னால போறாளாம், சின்னதுக எல்லாம் பின்னால போகுதாம். லாரிக்காரன் எல்லாம் நிக்காங்களாம்." எல்லோருமா நிற்கிறார்கள் என்று கேட்டேன். "முக்காவாசிப் பேரு நிக்காங்களாம்" என்றாள். அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த மிச்சக் கால்வாசி அன்றிலிருந்து நெஞ்சில் கிடக்கிறது.

நெடுமங்காட்டுப் பக்கம் போகும்போது ரம்புட்டான் மரத்தைப் பார்த்து ஹாரன் அடிப்பேன். சரசம்மா எட்டிப் பார்த்து, மகன் போன் செய்திருந்தால் தலையாட்டுவார். பள்ளி நேரம் வந்தால் வழக்கம்போல ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவேன். சுகுமாரன் சாயாவுக்குக் கூப்பிடுவார். மாலையில் போவேன், அந்நேரம் அங்கே செல்வராணி ரோட்டோரம் வந்து நிற்பாள். காலையில் மட்டும் நான் இறங்குவதில்லை. இங்கே மணி அடிக்கிற நேரம்தான் அங்கேயும். இந்நேரம் அவள் வேப்பங்குழையோடு ரோட்டில் இறங்கியிருப்பாள். முன்னால் குடை பிடித்த பிள்ளைகள் சாவகாசமாகக் கடந்துகொண்டிருக்க, அணைத்துப்போட்ட வண்டிக்குள், அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மனம் சொல்லும்வரை, நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.