தட்டு மாறிய மீன் தலை

கடியப்பட்டணம் பிலோமினாளுக்கு ஆண் பிள்ளை கிடையாது. இரண்டு மருமக்கள்தான். மூத்தவன் அடால்பஸ், வலைக்கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் பாறைமீன் தலை அவன் தட்டுக்குத்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். 2015இல் கத்தாரிலிருந்து வந்த இளையவன் ரெக்ஸின், மாதம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று போனைக் காட்டினான். அன்றைக்கே தலை தட்டு மாறிவிட்டது.

அடால்பஸுக்கு வயிறு எரிந்தது. "வாற மாசம் நானும் நூறு ஓடுவேன்" என்றான்.

மனைவி சிசிலி சிரித்தாள். "வலையத் தூக்கி வச்சாலே மூச்சு வாங்குது. ஓடப் போறியளாக்கும்!"

ஓடத்தான் செய்தான். விடியுமுன் முட்டம் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவான். முழங்கால் வீங்கினபோதும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடினான். மாதக் கடைசி ஞாயிறு போன் நூற்றிரண்டு காட்டியது. தொப்பையும் பாதி கரைந்திருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போனை மாமியாரிடம் நீட்டினான்.

பிலோமினாள் பூரித்துப்போனாள். "மாதாவே! ரெக்ஸினு மக்கா, ஒன்னப் பாத்துல்லா இவரும் நன்னாயிட்டாரு! எல்லாம் ஒனக்க புண்ணியம்" என்று தலையை எடுத்து இளையவன் தட்டில் வைத்தாள்.

"அண்ணே, பாதி எடுத்துக்கிடுங்க" என்றான் ரெக்ஸின்.

"எனக்கு வேண்டாம்டே. கொழுப்பாக்கும்."

ரெக்ஸின் மீன் கண்ணை ருசித்து உறிஞ்சினான்.

மறுநாள் அடால்பஸ் நூற்றைம்பது என்று போனில் இலக்கு வைத்துக்கொண்டு கிளம்பினான். முட்டம் போய்ச் சேரும்வரை அந்த உறிஞ்சல் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை.