மூன்றாவது றோல்ஸ்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவனுக்கு உத்தியோகம் எத்தனை நாள் நிலைக்கும்? பேர்ணடெற் இந்தக் கேள்வியோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தினாள். அவள் கணவர் இக்னேசியஸ், ஸ்காபரோவில் புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் ஊர்ச் சங்கமொன்றின் செயலாளர். விட்பியில் கிடங்கு வேலை வயிற்றுக்கு. சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகம் உயிருக்கு.

அந்தப் பைத்தியம் அவருக்கு நூலகத்தில்தான் பிடித்தது. பழைய சீனத்து அரசவை எழுத்தர் ஒருவரின் வாழ்க்கையை அங்கே படித்தார். அரசன் பேசியது, தும்மியது, அமைச்சரைத் திட்டியது எல்லாவற்றையும் எழுதுவது அந்த மனிதரின் வேலை. எழுதியதை அரசன் பார்க்கக்கூடாது. நாலு அரசர்களிடம் இருந்தார். ஒருவன் கோபித்து அவரை எல்லையில் உப்புக் கிடங்குக்குக் காவலாளியாகப் போட்டான். அடுத்தவன் திருப்பி அழைத்தான். கடைசியில் கால்வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கால் நன்றாகத்தான் இருந்ததாம்.

"உந்த மனுசன் உங்களுக்கு மாமன் முறையோ?" என்பாள் பேர்ணடெற்.

சங்கம் கூடும் வெக்ஸ்போர்ட் மண்டபத்துக்கும் அதே சட்டம் வந்தது. ஏழு தலைவர்கள் மாறினார்கள். பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்வரை ஒருவரும் புத்தகத்தைத் தொட்டதில்லை. 'தலைவர் உரையின்போது பொருளாளர் நித்திரை. சிறிது நேரத்தில் தலைவரே கொட்டாவி.' சனம் இதைக் கேட்கவே வந்தது. அதற்காக அவரைப் புகழ அவசரப்பட வேண்டாம். அந்தப் புத்தகம் சிலரை வீணாகவும் நோகடித்திருக்கிறது.

எட்டாவது தலைவர் றெமிஜியஸ், நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் சீனி வருத்தக்காரர். ஒக்டோபர் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் அவர் கை பொரித்த றோல்ஸ் தட்டுக்குப் போனதும், இக்னேசியஸின் பேனா அசைந்தது. மறுநாள் பிக்கரிங்கில் இக்னேசியஸின் வீட்டு வாசலில் றெமிஜியஸ் நின்றார்.

"தம்பி, நேற்று என்ன எழுதினனீர்?"

"தலைவர் மூன்றாவது றோல்ஸை எடுத்தார்."

"ஐயோ! பொதுக்கூட்டத்துக்கு என்ரை மனுசி அன்ரனெற்றும் வாறா. எண்ணெய்ப் பண்டம் தொடமாட்டனெண்டு அவவுக்கு மடுமாதாவிலை ஆணையிட்டுக் குடுத்திருக்கிறன். அந்த ஒரு வரியை வெட்டிவிடும்."

"வெட்டேலாது அண்ணை."

"அப்ப அடுத்த வருசம் வேறை செயலாளர்தான்."

"அதையும் எழுதட்டோ?"

றெமிஜியஸ் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பேர்ணடெற் தலையில் கை வைத்தாள்.

"ஒரு றோல்ஸுக்காகப் பதினெட்டு வருசத்தை விடப்போறியளோ?"

"ஒண்டெண்டால் எழுதியிருக்கமாட்டன். மூண்டல்லோ."

பொதுக்கூட்டத்தில் அன்ரனெற் முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மேடையில் றெமிஜியஸ் மண்டபத்துக் குளிரிலும் வேர்த்தார். இக்னேசியஸ் வாசித்துக்கொண்டே வந்து, தேநீர் இடைவேளையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"செயலாளர் மூன்றாவது றோல்ஸை எடுத்தார்."

மண்டபம் சிரித்தது. றெமிஜியஸின் சிரிப்பு எல்லாருக்கும் பிந்தி வந்து, எல்லாரையும் விடப் பெரிதாகக் கேட்டது. அந்த வேகத்திலேயே எழும்பி, "அடுத்த வருசமும் இக்னேசியஸ்தான் செயலாளர்!" என்று முன்மொழிந்தார். கைதட்டல் ஓய்வதற்குள் இக்னேசியஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கால்வலி காரணமாகப் பதவி விலகுகிறாராம்.

பேர்ணடெற் மேடைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். வெட்டுமில்லை, திருத்தமுமில்லை. 'தலைவர் மூன்றாவது றோல்ஸை எடுத்தார்' என்றே இருந்தது.

வெளியே கால்வலிக்காரர் கார் நிறுத்துமிடத்தை விறுவிறுவென்று கடந்துகொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்க ஓடிப் பிடித்து, காரில் அவர் பக்கத்தில் ஏறினாள்.

"ஏனப்பா மாத்தி வாசிச்சனீங்கள்? வாசிச்சனீங்கள்தானே, பிறகு ஏன் பதவியை விட்டனீங்கள்?"

"பெல்ற்றைப் போடும்," என்றார் இக்னேசியஸ்.