லயத்து வலி எல்லாம் ஏறிய பெட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பிள்ளைகளை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தனியாளாகத்தான் வளர்த்தேன். எதற்காகவும் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. என் மடியில் ஒரு துணிப் பை கிடக்கிறது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கில் நைந்துபோகாத பக்கமாக வெட்டி, உள்ளே சேலைத் துண்டு வைத்து, கழுத்தில் மாட்ட ஒரு நாடாவும் போட்டு நானே தைத்தது. என் கடைசி மகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டிக்காகத் தைத்த பை. பெட்டி கொடுத்தவர்களிடமே போய்விட்டது. பை மட்டும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். கடைசியவளுக்குப் பதினொரு வயது. அதற்கு முன்பே ஒரு மழைக்காலத்தில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்தாள். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகும்போது இதயத்தின் கதவு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. மாதாமாதம் ஊசி, கிளினிக், மாத்திரை. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம் ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் ஒரு குணம். என்ன செய்கிறது என்று யார் கேட்டாலும் "ஒன்னுமில்ல" என்பாள். டொக்டர் கேட்டாலும் அதுதான், நான் கேட்டாலும் அதுதான். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் அம்மா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் போய் நின்று பெயர் கொடுக்கமாட்டாள், அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளம் இல்லை என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். மற்ற நான்கு பேரும் முள் குத்தினால்கூட லயமே கேட்கக் கத்துவார்கள். இவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து பரீட்சார்த்தமாகச் சில பிள்ளைகளுக்கென்று வந்ததாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடியில் ஒரு பிள்ளையின் உருவம் தெரியும். எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தைச் சின்னக் குச்சியால் தொட வேண்டும். உடனே சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரும். அதில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்ட நாளும் நேரமும் உள்ளே பதிந்துவிடும். "வாயாலை சொல்லாட்டிப் பரவாயில்லை பிள்ளை, இதிலை சொல்லு. அடுத்த கிளினிக்குக்கு இதைப் பார்த்துத்தான் உன்னைக் கொழும்புக்கு ஒப்பரேசனுக்கு அனுப்பிறதோ, இன்னும் பொறுக்கிறதோ எண்டு முடிவெடுக்கப் போறன்" என்றார். கிளினிக் முடிந்து ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழி நெடுக அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்று மாலையே இந்தப் பையைத் தைத்தேன்.

எங்கள் லயத்தில் ஒரு காம்பரா வீட்டில் டிவி வாங்கினால் அது எல்லோருக்கும் டிவி. ஒரு வீட்டு அம்மிக்கல் எல்லோருக்கும் அம்மிக்கல். பெட்டியும் அப்படித்தான் ஆனது. மலையிலிருந்து இறங்கியதும் பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பக்கத்துக் காம்பரா மதினிதான் முதலில் கேட்டாள்.

"ஏங்க, இதுல அமத்துனா டொக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிருமாம்."

"அப்ப எம் முதுகையும் ஒருக்கா அமத்திவிடு பாப்பா. டிஸ்பென்சரியில எங்க வலிக்குதுன்னு கேக்காமயே வெள்ள மாத்திரைய நீட்டுறாங்க. இதாவது கேக்குதே."

அதோடு நிற்கவில்லை. ஒருத்தி முழங்கால் என்றாள். மேட்டு மலையில் ஏறி இறங்குகிறவர்களில் முழங்கால் நோகாதவள் யார்? "காதுக்கு எடமிருக்கா பாப்பா? வேல வாங்குற கண்டாக்கய்யா கத்துற கத்துல எனக்குக் காதுதான் வலிக்குது" என்று இன்னொருத்தி சொல்ல, வாசலே சிரித்தது. அழுகிற முகத்தைப் பார்த்து, "இது ஒன் மாமியா மூஞ்சி மாதிரியே இருக்குடி" என்றாள் மதினி. கடைசியவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் தொட்டுவிட்டாள். இருட்டும்வரை பெட்டி கை மாறிக்கொண்டே இருக்கும். இருட்டியதும் நான் வாங்கி டிரங்குப் பெட்டியில் பூட்டிவிடுவேன். தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் என் வீட்டில் இருக்கிறது என்பதில் எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஊருக்கே வைத்தியம் பார்க்கிற வீடு என்று கேலியாகச் சொன்னார்கள். அதுவும் பிடித்திருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரம்மா பெட்டியைக் கம்பியூட்டரில் பொருத்திப் பார்த்தார். முகம் மாறிப்போனது. உருவம் முழுக்கப் புள்ளி. முழங்காலில் மட்டும் எத்தனையோ. மூட்டுக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கே வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார். இரத்தம் எடுத்தார்கள், மூட்டு மூட்டாக அமத்திப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி, இந்தப் பிள்ளை விளையாட்டுச் சாமானுக்காகப் பொய் சொல்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் புரியும் என்று அவருக்குத் தெரியாது.

டொக்டரம்மா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். "அம்மா, இதை நம்பித்தான் இருந்தனான். இப்ப கொழும்புக்கு நான் என்னெண்டு எழுதிறது? உங்கட பிள்ளை எது உண்மையாச் சொல்லுது?" என்று கேட்டார். கடைசியவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மதினி பெயரையோ மற்றவர்கள் பெயரையோ அவள் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியாது. நான்தான் பேசினேன். "எம் புள்ள பொய் சொல்லாதுங்க. அது எல்லாம் உண்மையான வலிதாங்க. ஆளுங்கதான் வேற வேற" என்றேன். திரையைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது மதினி முதுகு. இது பின் லயத்துக்காரி முழங்கால். இந்தத் தோள் என்னுடையது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எந்த நேரம் லயத்திலை ஒருத்தரும் இருக்கமாட்டினம்?" என்று கேட்டார். பெரட்டுக்கு ஆட்கள் போனதிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கும்வரை ஈ காக்கை இருக்காது என்றேன். அந்த நேரத்தில் பதிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் திரையிலிருந்து எடுத்துவிட்டார். முதுகு போனது, முழங்கால் போனது, காது போனது. நெஞ்சு மட்டும் நின்றது. தினமும் நெஞ்சு. தினமும் கடைசி முகம்.

"காலமையிலை மட்டுந்தான் இப்பிடி வருமோ பிள்ளை?" என்று டொக்டரம்மா குனிந்து கேட்டார்.

"இல்லீங்க. பொழுதுக்கும் வலிக்கும். ராத்திரி படுத்தா மூச்சு அடைக்கும்" என்றாள் கடைசியவள். "மத்த நேரம் மிசினு என் கையில இருக்காதுங்க."

அந்த ராத்திரிகளில் எல்லாம் எனக்குப் பக்கத்தில், ஒரே பாயில்தான் அவள் படுத்திருந்தாள்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். நெஞ்சைத் திறந்து கதவை மாற்றினார்கள். பிழைத்து வந்தாள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் லயத்துப் பெண்கள் பல நாள், "அது மறுபடி வருமா மதினி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டொக்டரம்மா அவர்கள் முதுகையும் முழங்காலையும் பற்றித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சொல்லி அனுப்பியதாகக் கேள்வி. வந்தது அதே வெள்ளை மாத்திரைதான்.

இன்று அவள் கினிகத்தேனையில் புருஷன், மாமியார், பிள்ளை என்று இருக்கிறாள். இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறாள். என்னிடம் இருக்கும் போனை இந்தப் பையில்தான் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் அவளுக்குக் கோல் எடுத்தால், பின்னால் ஆட்கள் பேசும் சத்தத்தோடு "நல்லாருக்கேன்மா" என்பாள். அந்தக் குரலை நான் கணக்கில் எடுப்பதில்லை. அவள் வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, காலைக்கும் பகலுக்கும் நடுவில் எடுப்பேன். அந்த நேரத்தில்தான் அவள் வாய் திறக்கும். நேற்றும் அப்படித்தான் எடுத்தேன். முதலில் "ஒன்னுமில்ல" என்றாள். பிறகு, "ரெண்டு மூணு நாளா படுத்தா அடைக்குதும்மா. வீட்டுல சொல்லல. சொன்னா எல்லாருக்கும் வேல கெடும்" என்றாள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். பாப்பா, இத முதல்ல இருந்து ஒருக்கா வாசி. மெதுவா வாசி, ஒங்க அத்த டொக்டரம்மாகிட்ட சொன்னது சரியா விழுந்துருக்கான்னு கேக்கணும். வாசிச்சிட்டு அந்தப் பைய எடுத்து என் கழுத்துல மாட்டிவிடு. கினிகத்தேன பஸ்ஸு எத்தன மணிக்குன்னும் பாரு. நாளைக்கு அவ வீட்டுல ஆளில்லாத நேரமாப் பாத்து வாசல்ல போய் நிக்கணும்.