வடகத்துக்குக் காவல் நின்ற மண்டையோடு

எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போது இன்றும் என் கை பக்கத்தில் ஒரு சின்னக் கையைத் தேடும். மகள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். தேடி என்ன பயன்?

அப்போது அவளுக்கு நாலு வயது இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் தொங்கும் அபாயப் பலகையைக் கண்டாலே தொட்டுப் பார்க்க ஓடுவாள். "பாரு நைனா, சிரிக்குது!" மண்டையோட்டுக்கு எந்தப் புண்ணியவான் அத்தனை பல் வரைந்தானோ! பதறிப்போய், மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பேன். தினமும் இதே கூத்துதான்.

எங்கள் செஞ்சியில், மாடியில் கூழ் வடகம் பிழிந்து வைத்தால் போதும், கோட்டை மலைக் குரங்குகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அன்றைக்கு என் மனைவி வடகம் பிழிந்துவிட்டு இறங்கி அரை மணி கழித்துத்தான் நான் காவலுக்குக் கம்போடு மேலே போனேன். எனக்கு முன்பே மகள் அங்கே இருந்தாள். வடகம் பிழிந்து காயவைத்திருந்த பழைய புடவையைச் சுற்றித் தரையெல்லாம் சாக்பீஸால் மண்டையோடு வரைந்திருந்தாள். அத்தனையும் பல்லைக் காட்டின. புடவையில் பாதி வடகம் காணோம். ஒரு குரங்கு மண்டையோட்டின்மேலேயே உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்கிற படத்தப் பாத்து குரங்கு எதுக்கு பயப்படும்?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. குரங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பாவம் நைனா. அதுங்கள கையப் புடிச்சி இழுக்க யாரும் இல்ல போல."